கோப்பை நிரம்பினால் கிளம்ப வேண்டும்!

தேயிலை என்ற தமிழ்ச் சொல்லில் பாதி சீனத்துடையது. சீனாவின் பெரும்பகுதியில் அந்தச் செடிக்கு 'சா' என்று பெயர். அதுதான் தரைவழியே வந்து வடக்கே 'சாய்' ஆனது. தென்கிழக்குக் கடற்கரையில், ஃபுஜியன் மாகாணத்தின் தென்பகுதிப் பேச்சில் அதே செடி 'தே'. அங்கே சரக்கு ஏற்றிய கப்பல்களோடு அந்தச் சொல்லும் கடலேறியது. ஆங்கிலத்தின் 'டீ', தமிழின் 'தே' இரண்டுக்கும் பூர்வீகம் அந்தக் கரைதான்.

அங்கே இருக்கிறது சுவான்ஜோ நகரம். அதிலிருந்து மலைப்பக்கமாகச் சாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஆன்ஷி வட்டாரம். 'தியே குவான்யின்' என்ற புகழ்பெற்ற தேயிலை விளையும் ஊர்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. சென்னையிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் போய், அங்கிருந்து சியாமென் விமான நிலையத்தில் இறங்கினால், சுவான்ஜோவுக்கு அதிவேக ரயிலில் அரை மணி நேரப் பயணம்தான். தேயிலைப் பக்குவத்தைப் பார்க்கப் போகும் சிறு விவசாயி, இயந்திரம் விலை கேட்கப் போகிறவர், சீனாவில் மருத்துவம் படிக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோர் என்று யார் போனாலும், முதல் இரண்டு நாளில் ஒரு தைரியம் வந்துவிடும். 'எல்லாம் நம்ம ஊர் மாதிரியே இருக்கே!' என்று தோன்றும்.

பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் சறுக்கல். அடியோடு மாறுபட்ட ஊரில் மனிதர் எச்சரிக்கையாக நடந்துகொள்வார். ஒன்றுபோலத் தெரியும் ஊரில்தான் கால் இடறும்.

கல்யாண முருங்கை ஊர்

தமிழருக்குச் சுவான்ஜோ புது ஊர் அல்ல. 1281-ம் ஆண்டு, குப்ளாய் கான் ஆண்ட காலத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயிலில் திருமேனி எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. அதே கல்லில் சீன எழுத்தும் உண்டு. ஊரின் பெரிய பௌத்தக் கோயிலான காய்யுவான் கோயிலின் பின்புறத் தூண்கள் இரண்டில் நரசிம்மரையும், யானையை மீட்க வரும் திருமாலையும் இன்றைக்கும் பார்க்கலாம். இடிந்த இந்துக் கோயிலின் தூண்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். 2021-ல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அரபு வணிகர்கள் இந்த ஊரைச் சைத்தூன் என்றார்கள். 'சி-தோங்' என்ற மரத்தின் பெயர்தான் அப்படித் திரிந்தது என்பார்கள். சி-தோங் வேறொன்றுமில்லை. வெற்றிலைக்கும் மிளகுக்கும் தாங்கு மரமாக நட்டு வைக்கிறோமே, அந்தக் கல்யாண முருங்கைதான்! சுவான்ஜோ நகரத்தின் அடையாளப் பூவே அதன் சிவப்புப் பூ.

சாப்பிட்டாச்சா?

ஆன்ஷி பக்கத்துக் கிராமத்தில் வயதானவர் ஒருவர் எதிரே வந்தால், "சாப்பிட்டு வயிறு நிறைஞ்சுதா?" என்றுதான் கேட்பார். பொதுச் சீன மொழியிலும் 'ச்சி ஃபான் ல மா' என்று இதே கேள்வி உண்டு. இதற்குத் தமிழ்நாட்டுக்காரருக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "சாப்பிட்டேன், நீங்க?" என்று பதில் சொன்னால் போதும். மேற்கத்திய நாட்டிலிருந்து வருகிறவர்கள்தான், 'விருந்துக்குக் கூப்பிடுகிறாரோ' என்று குழம்பிப் போவார்கள்.

முறை வைத்து அழைப்பதிலும் அப்படியே. பெரியப்பா வேறு, சித்தப்பா வேறு. அத்தை வேறு, அம்மாவுடன் பிறந்தவர் வேறு. தாய்மாமனுக்குத் தனிச் சொல். ஆங்கிலம் இவர்களையெல்லாம் 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று இரண்டே மூட்டையில் கட்டிவிடும். சீன மொழி தமிழைப் போலவே ஒவ்வொருவரையும் பிரித்து வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத நடுவயதுப் பெண்ணை 'ஆ-யி' என்று அழைக்கலாம். கிட்டத்தட்ட 'சித்தி' என்று கூப்பிடுவது போல. அப்பாவை விடச் சற்று இளையவராகத் தெரிந்தால் 'ஷூ-ஷு', அதாவது சித்தப்பா. கைத்தொழில் தெரிந்தவரை, வண்டி ஓட்டுகிறவரை 'ஷிஃபு' என்பார்கள். மேஸ்திரி, ஆசாரி என்று மரியாதையாகக் கூப்பிடுகிறோமே, அந்த மாதிரி.

பெயரில் மட்டும் கவனம் வேண்டும். குடும்பப் பெயர் முதலில் வரும், சொந்தப் பெயர் பிறகு. ஃபுஜியனில் ச்சென், லின் என்ற இரண்டு குடும்பப் பெயர்கள் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கல்யாணமான பெண் புருஷன் குடும்பப் பெயருக்கு மாறுவதில்லை. அதனால் வீட்டுக்காரர் ச்சென் என்றால் அவர் மனைவியையும் ச்சென் என்று கூப்பிட்டால் தப்பாகிவிடும்.

வயது என்ன, சம்பளம் எவ்வளவு, எத்தனை பிள்ளைகள் என்று பழகிய ஐந்தாவது நிமிடத்தில் கேட்பார்கள். முகம் சுளிக்கத் தேவையில்லை. நம் பஸ் பயணத்தில் நடக்காததா!

தேநீர் மேசை

ஆன்ஷியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கடைக்குப் போனாலும், ஊராட்சி அலுவலகமே ஆனாலும், முதலில் கண்ணில் படுவது தேநீர் மேசை. நடுவில் தண்ணீர் வடியும் பலகை, மூடிபோட்ட சின்னப் பீங்கான் கிண்ணம், இரண்டு மடக்குக்கு மேல் பிடிக்காத குட்டிக் கோப்பைகள். பக்கத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்காரர் ஏழெட்டு கிராம் இலையைக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் நீரைக் கோப்பைகளைக் கழுவிக் கீழே விட்டுவிடுவார். 'ஐயோ, நல்ல டிகாக்‌ஷனைக் கொட்டுகிறாரே' என்று பதற வேண்டாம். இலையை எழுப்பவும் கோப்பையைச் சூடாக்கவும்தான் அந்த முதல் நீர். பால், சர்க்கரை கிடையாது, கேட்பதும் அழகல்ல. அதே இலையில் ஆறேழு தடவை ஊற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் மணம் மாறும்.

இங்கேதான் முதல் சறுக்கல். தமிழ் வீட்டில் டம்ளர் விளிம்பு வரை காபி ஊற்றிக் கொடுத்தால் உபசாரம். அரை டம்ளர் கொடுத்தால், 'கஞ்சத்தனம் பண்றாங்க' என்று பேச்சு வரும். அங்கே தேநீர்க் கோப்பையை முக்கால் அளவுக்குக் கொஞ்சம் கீழேதான் ஊற்றுவார்கள். வழிய வழிய ஊற்றினால், 'கிளம்பலாம்' என்று சாடையாகச் சொல்வதாக அர்த்தம். கைப்பிடி இல்லாத கோப்பை, விளிம்பு வரை கொதிக்கும் தேநீர் என்றால் விரல் சுட்டு எடுக்கவே முடியாது என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது சறுக்கல், கோப்பையைக் காலி செய்வது. தீரத் தீர ஊற்றுவது வீட்டுக்காரர் கடமை. 'போதும், போதும்' என்று சொல்லிக்கொண்டே குடித்துக் காலி செய்தால், அவர் ஊற்றிக்கொண்டேதான் இருப்பார். நிஜமாகவே போதும் என்றால் கோப்பையை அப்படியே குடிக்காமல் வைத்துவிட வேண்டும்.

ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நன்றி சொல்ல வாய் திறக்க வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி மேசையில் இரண்டு மூன்று தட்டு தட்டினால் போதும். மாறுவேடத்தில் ஊர் சுற்றிய சியென்லுங் பேரரசர் ஒரு நாள் தன் பணியாளுக்கே தேநீர் ஊற்றினாராம். விழுந்து கும்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, அந்தப் பணியாள் விரல்களை மண்டியிட வைத்தாராம். கதை உண்மையோ இல்லையோ, வெளிநாட்டுக்காரர் ஒருவர் இப்படித் தட்டியதும் வீட்டுக்காரர் முகத்தில் வரும் சிரிப்பு உண்மை.

தேயிலை பக்குவப்படும் நாளில் போகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நீலகிரிச் சிறு விவசாயி பச்சை இலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடுவார். ஆன்ஷியில் பல குடும்பங்கள் வீட்டிலேயே தேயிலையாக்குகின்றன. பறித்த இலையை மாலை வெயிலில் வாட்டி, மூங்கில் உருளையில் போட்டுக் குலுக்கி ஆறவிடுகிறார்கள். மறுபடி குலுக்கல், மறுபடி ஆறவிடல் என்று ராத்திரி கழியும். இலையின் ஓரம் மட்டும் கசங்கிச் சிவந்து, நடுப்பகுதி பச்சையாக நிற்கும் பதத்தை மூக்கை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். அப்போது சென்ட் பூசிக்கொண்டோ, தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டோ உள்ளே போகக் கூடாது. தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். இதே மாகாணத்துத் தலைநகர் ஃபுஜோவில் அந்தக் குணத்தை வைத்தே மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள்!

சுவர்க் கடிகாரம் கொடுத்தால்...

தமிழ்நாட்டுக் கல்யாணங்களில் மொய் எழுதாதவர் கையில் இருப்பது பெரும்பாலும் சுவர்க் கடிகாரம். அதையே ஆசையாகச் சீன வீட்டுக்குக் கொண்டுபோனால், பெரியவர்கள் வெலவெலத்துப் போவார்கள். 'கடிகாரம் கொடுப்பது' என்ற சொல்லும் 'சாகும் தறுவாயில் உடனிருந்து வழியனுப்புவது' என்ற சொல்லும் அவர்கள் மொழியில் ஒரே ஒலி. குடையைக் கொடுத்தால் பிரிவு. பேரிக்காயை இருவர் பங்கிட்டுத் தின்றாலும் பிரிவு. நான்கு என்ற எண்ணுக்கும் சாவுக்கும் ஒலி நெருக்கம் என்பதால், நான்காம் மாடியே இல்லாத கட்டடங்கள் உண்டு. வெள்ளை உறையில் பணம் வைத்தால் அது துக்க வீட்டுக்கு. நல்ல காரியத்துக்குச் சிவப்பு உறைதான். ஆப்பிளுக்குத் தடையில்லை, அதன் பெயரில் 'நிம்மதி' என்ற ஒலி இருக்கிறது. ஊரிலிருந்து ஏலக்காய், மிளகு, நல்ல பருத்தித் துண்டு என்று சிவப்புத் தாளில் சுற்றிக் கொண்டுபோனால் சிக்கல் இல்லை.

இரண்டு கையாலும் நீட்ட வேண்டும். "வேண்டாம், எதுக்கு இதெல்லாம்?" என்று தள்ளுவார்கள். மறுபடி நீட்டினால் மறுபடி தள்ளுவார்கள். மூன்றாம் முறை வாங்கி, பிரிக்காமல் ஓரமாக வைத்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்று நினைக்கக் கூடாது. விருந்தாளி எதிரில் பிரித்துப் பார்ப்பது பேராசை என்பது பழைய முறை. அவர்கள் ஏதாவது கொடுத்தாலும் இதே நாடகத்தை இந்தப் பக்கமும் நடித்தாக வேண்டும்.

வட்ட மேசைச் சாப்பாடு

எங்கே உட்காருவது என்று கைகாட்டும் வரை நிற்பது நல்லது. வாசலைப் பார்த்த இருக்கைக்கு மரியாதை அதிகம். மேசை நிறையப் பதார்த்தம் வைத்துவிட்டு, "ஒண்ணுமே செய்யலை" என்பார்கள். பெரியவர் குச்சியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். சோற்றில் குச்சியை நட்டு வைத்தால் மட்டும் யாராக இருந்தாலும் பதறுவார்கள். இறந்தவருக்குப் படைக்கும் கிண்ணத்தில் ஊதுபத்தி நட்டதுபோல் இருக்கும். கிண்ணத்தைக் குச்சியால் தட்டுவது பிச்சை கேட்பதற்குச் சமம். கடற்கரை ஊர்களில் முழு மீனின் ஒரு பக்கம் தின்ற பிறகு புரட்டிப் போட மாட்டார்கள். படகு கவிழும் என்று பயம். எலும்பு எடுத்த பிறகு அடிப்பக்கத்தைத் தின்பார்கள்.

சைவ உணவுக்காரர்களுக்குத்தான் சோதனை. 'வோ ச்சி சு' (நான் சைவம்) என்ற மூன்று சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அதோடு விடக் கூடாது. வெறும் கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்போ, எலும்புச் சாறோ இருக்கலாம். 'மரக்கறிதானே' என்று அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. கொழுப்பை அவர்கள் கறிக் கணக்கில் சேர்ப்பதில்லை. பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்களில் பயமில்லாமல் சாப்பிடலாம். ஆன்ஷியின் ஹூதௌ ஊர் அரிசிச் சேமியா பார்த்தால் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எங்கும் கிடைக்கும். 1593-ல் ச்சென் ஜென்லுங் என்ற ஃபுஜியன் வணிகர், பிலிப்பைன்ஸின் லூசானில் இருந்து யாருக்கும் தெரியாமல் அதன் கொடியைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வந்த பஞ்சத்தில் அந்தக் கிழங்குதான் மாகாணத்தைக் காப்பாற்றியது.

மது வேண்டாம் என்கிறவர் தேநீர்க் கோப்பையை உயர்த்தினால் ஏற்றுக்கொள்வார்கள். பெரியவரோடு கோப்பையை இடிக்கும்போது, தன் கோப்பையின் விளிம்பு அவருடையதைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும்.

'சரி' என்றால் சரியா?

இதுவரை சொன்னதில் தவறினால் சிரிப்போடு போய்விடும். வெளிநாட்டுக்காரர் என்று பொறுத்துக்கொள்வார்கள். பணம் போவது இனிமேல்தான்.

முதலில் தலையாட்டல். தமிழர் 'ஆமாம்' என்று பக்கவாட்டில் தலையை ஆட்டுவதை அவர்கள் 'இல்லை' என்று படித்துக்கொள்வார்கள். மேலும் கீழும் ஆட்டிப் பழக வேண்டும்.

அடுத்து விரல் கணக்கு. சந்தையில் ஒரே கையால் பத்து வரை காட்டுவார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினால் அது இரண்டு அல்ல, எட்டு. கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்தால் ஆறு. எடைக்கு அவர்கள் அளவு 'ஜின்'. ஒரு ஜின் என்பது அரைக் கிலோ. கிலோ விலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, பில் வரும்போது இரட்டிப்பாக இருக்கிறதே என்று சண்டை போட்டுப் பயனில்லை. நிலத்துக்கு 'மூ'. ஒரு மூ, ஏறக்குறைய பதினாறரை சென்ட். 'உங்களுக்கு எவ்வளவு நிலம் சொந்தம்?' என்ற கேள்வியும் அங்கே பொருந்தாது. கிராமத்து நிலம் ஊர்க் கூட்டமைப்புக்குச் சொந்தம், குடும்பங்கள் ஒப்பந்தத்தில் பயிர் செய்கின்றன. 'எத்தனை மூ பயிர் வைக்கிறீங்க?' என்று கேட்பதே சரி.

எல்லாவற்றையும் விடப் பெரியது 'மியன்ட்ஸு'. நேர்ப்பொருள் முகம். 'நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டான்' என்று சொல்கிறோமே, அந்த மானம். நேருக்கு நேர் 'முடியாது' என்று சொன்னால் கேட்டவர் முகமும் வாடும், சொன்னவர் முகமும் வாடும். அதனால் அந்தச் சொல்லைத் தவிர்க்க வேறு சொற்கள் வைத்திருக்கிறார்கள். 'யோசிக்கலாம்', 'ஆராய்ந்து பார்ப்போம்', 'கொஞ்சம் வசதிப்படாது' என்று வந்தால், பெரும்பாலும் முடியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று சொன்ன தலைமுறைக்கு இது புரியும். பேச்சின் நடுவே 'துய், துய்' (சரி, சரி) என்று வருவது, 'காதில் விழுகிறது' என்பதற்குத்தான். சம்மதம் அல்ல. 'மெய் வென்-தி' (பிரச்சனை இல்லை) என்பதும் பல நேரம் 'எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம்' என்ற நல்லெண்ணமாகவே நின்றுவிடும்.

சின்னத் தேயிலை உருட்டும் இயந்திரம் ஒன்றை வாங்க நினைக்கிறவர், "இந்த மோட்டார் எங்க ஊர் கரன்ட்டுக்கு ஓடுமா?" என்று கேட்டால் பிரச்சனை இல்லை என்றுதான் பதில் வரும். "எத்தனை வோல்ட்? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? உதிரிபாகம் யார் அனுப்புவார்? எத்தனை நாளில்?" என்று கேட்டால், பதிலில் எண் வரும். எண் வராத இடத்தில் சந்தேகம் இருக்கிறது என்று பொருள். வந்ததைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வாங்க வேண்டும். வெறும் கையெழுத்தோடு விடாமல், நிறுவனத்தின் சிவப்பு வட்ட முத்திரையும் தாளில் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம். அந்த ஊரில் கையெழுத்தை விட முத்திரைக்குத்தான் எடை.

குறை கண்டுபிடித்தாலும் வேலைக்காரர்கள், உறவுக்காரர்கள் முன்னால் போட்டு உடைக்கக் கூடாது. தேநீர் மேசைக்குத் திரும்பி, தனியாக, மூன்றாவது கோப்பைக்குப் பிறகு சொன்னால் அதே ஆள் விலையைக் குறைக்கவும் செய்வார், இயந்திரத்தை மாற்றித் தரவும் செய்வார். முதல் நாளே விலை பேச ஆரம்பிப்பவரை விட, இரண்டு நாள் தேநீர் குடித்துவிட்டுப் பேசுகிறவருக்கு நல்ல விலை கிடைக்கும். அவசரக்காரருக்கு அங்கே நஷ்டம்.

தைவான், எல்லைத் தகராறு பேச்சுகளைத் தேநீர் மேசைக்குக் கொண்டுவராமல் இருப்பது உத்தமம்.

கிளம்பும்போது 'மான் சௌ' என்பார்கள். 'மெதுவா நடங்க' என்று அர்த்தம், பார்த்துப் போங்க என்பது போல. வாசலோடு நிற்க மாட்டார்கள். தெரு வரை, சில வீடுகளில் கார் நிற்கும் இடம் வரை வருவார்கள். "வேண்டாம், உள்ளே போங்க" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டும், அவர்கள் கேட்க மாட்டார்கள். வண்டி புறப்பட்டதும் செல்போனை எடுத்துவிடாமல், கண்ணாடியை இறக்கித் திரும்பிப் பார்த்துக் கையசைக்க வேண்டும். வளைவு திரும்பும் வரை அவர்கள் அங்கேயேதான் நிற்பார்கள்.